உன் அப்பாவுக்கு நான் கொடுத்த பிட்

என் அருமை மாப்பிள்ளைப் பையா,

வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். அடுத்த அறையில் நீ கால்மேல் கால் போட்டுக்கொண்டு நிவேதாவோடு செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறாய். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, உன் பழைய காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து, உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதென்ன கூத்து என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. வாயால் சொல்லலாம் என்று வந்தால், நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் "புரியுதும்மா, புரியுதும்மா" என்று இரண்டாவது வாக்கியத்தை நீயே சொல்லி முடித்துவிடுவாய். அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். என்னிடமிருந்துதான் வந்தது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். காகிதத்துக்கு நடுவில் புகுந்து நீ பதில் சொல்ல முடியாது, பார்.

வாசலில் உன் அப்பா பந்தல்காரரோடு நிற்கிறார். வாழைமரத்தை கேட்டுக்கு உள்ளே கட்டுவதா, வெளியே கட்டுவதா என்று அந்த மனிதர் கேட்டு ஒரு நிமிடம் ஆகிறது. அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இங்கே கை பரபரக்கிறது. "வெளிய கட்டுப்பா, உள்ள கட்டினா கார் எப்படி வரும்" என்று ஜன்னல் வழியாகக் கத்த வேண்டும்போல இருக்கிறது. கத்தவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு இந்த வரியை எழுதுகிறேன். இதைக் கற்றுக்கொள்ள நான் எத்தனை பாடுபட வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

போன மாதம் உன் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தியில் நீயும் நிவேதாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே உன் அத்தை. "ஏம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவியா, விட்டுடுவியா?" என்று அவளைக் கேட்டாள். நிவேதா வாயைத் திறந்தாள். நீ சொன்னாய்: "அவ ஆறு மாசம் பிரேக் எடுத்துக்கறா அத்தை. சிறுசேரிக்குத் தினம் போய்ட்டு வர்றது அவளுக்கு டயர்டா இருக்கும்." பரிமாறுகிற பையன் பாயச வாளியோடு வந்தான். நிவேதா நிமிர்ந்தாள். "அவளுக்கு வேணாம், ஸ்வீட் பிடிக்காது" என்று நீ கையை நீட்டி மறைத்தாய். அந்தப் பெண் திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டு உன்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். ஆனால் திறந்து மூடிக்கொண்டு சிரிக்கிற அந்த வாயை எனக்கு நன்றாகத் தெரியும். அது உன் அப்பாவின் வாய். இருபத்துநாலு வருடம் நான் பக்கத்திலிருந்து மூடவைத்த வாய்.

நான் டீச்சர். கேள்வி கேட்டால் வகுப்பில் ஒரு நொடிக்கு மேல் மௌனம் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. பள்ளிக்கூடத்தில் அது எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது. வீட்டில் உன் அப்பாவை அது பாதி ஊமையாக்கியது. அவர் மறைமலை நகர் ஃபேக்டரியில் பாகங்களை அளந்து பார்த்துத் தேறியதா தேறவில்லையா என்று சொல்கிற வேலையில் இருந்தவர். எதையும் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். டெய்லர் அவரிடம் "சார், பேன்ட் லூஸா, டைட்டா?" என்று கேட்டால் பதில் என்னுடையது. சலூனில்கூட, உன்னைக் கூட்டிப்போகிற சாக்கில் நானும் போய் "அவருக்குக் காதுக்கு மேல குட்டையா வெட்டுப்பா" என்று சொல்லிவிட்டு வருவேன். "உங்க வீட்டுக்காரருக்கு வாய் இருக்கா இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது, அதற்கும் நானே "இருக்கு, சாப்பிடறதுக்கு" என்று பதில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார்.

நீ பொத்தேரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நீ சேலையூர் கிரவுண்டில் கிரிக்கெட் ஆடப் போயிருந்தாய். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று அப்பா கிணற்றடியில் குனிந்து அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை, துவைக்கிற கல்தான் இருந்தது. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்தார். காலையில் தின்ற இட்லியெல்லாம் வெளியே வந்தது. நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டு, உடனே நோயையும் கண்டுபிடித்துவிட்டேன்: பித்தம். வெயிலில் நின்றால் பித்தம் தலைக்கு ஏறாமல் என்ன செய்யும்? எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். அதுவும் வெளியே வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, வெளிச்சம் குத்துகிறது என்றார். ஆட்டோ பிடித்துத் தெருமுனை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

அந்த டாக்டர் சின்னப் பையன், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "சொல்லுங்க சார், எப்படி வலிக்குது?" என்று அப்பாவைக் கேட்டார். நான் ஆரம்பித்தேன். "வெயில்ல நின்னாரு டாக்டர். நேத்து ஓவர்டைம் வேற. இவருக்கு அடிக்கடி தலைவலி வரும், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்." டாக்டர் எழுதக்கூடத் தொடங்கிவிட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "மேடம், நீங்க ஒரு நிமிஷம் சும்மா இருக்கீங்களா? சார் சொல்லட்டும்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இவ்வளவு வருடமாகக் குடித்தனம் நடத்துகிற எனக்குத் தெரியாததா என்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இந்த மாதிரி வலி என் ஆயுசுல வந்ததில்ல டாக்டர். ஒரே செகண்டுதான். யாரோ பின்னாடி இருந்து கட்டையால அடிச்சிட்டாங்கன்னு திரும்பிப் பார்த்தேன்." அந்தப் பையனின் முகம் மாறியது. அப்பாவின் தாடையை நெஞ்சில் தொடவைக்கப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை, கட்டைபோல நின்றது. அடுத்த பத்தாவது நிமிடம் ஆம்புலன்ஸ். உன் அப்பா இன்றைக்கு வாழைமரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறார் என்றால், முதல் காரணம் அந்தப் பையன் என் வாயை அடைத்ததுதான்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்கே தெரியும். கிண்டி தாண்டி அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், தொடைப்பக்கத்து ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்த படம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றில், கிளை பிரிகிற இடத்தில் ஒரு சின்ன மொக்கு. பழைய சைக்கிள் டியூபில் ஓரிடம் மட்டும் புடைத்துக்கொள்ளுமே, அதுபோல. எத்தனை வருடமாக அங்கே இருந்ததோ, அந்த ஞாயிற்றுக்கிழமை வெடித்திருந்தது. மறுபடி வெடித்தால் பிழைப்பது கஷ்டம், அதற்குள் அடைத்தாக வேண்டும் என்றார் பெரிய டாக்டர். மறுநாளே மண்டையோட்டில் ஒரு ஜன்னல் திறந்து, அந்த மொக்கின் கழுத்தில் குட்டியாக ஒரு கிளிப் போட்டார்கள். "என்ன டாக்டர், துணி காயப்போடற கிளிப் மாதிரியா?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதான் மேடம். ஆனா இதைக் கழட்டவே மாட்டோம்" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் வேண்டிக்கொண்ட சாமிகளுக்கெல்லாம் மனசுக்குள் தேங்காய் உடைத்துவிட்டேன். தேர்வு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அசல் தேர்வு அப்போதுதான் தொடங்கியது.

ரத்தம் கசிந்த இடத்தைச் சுற்றியுள்ள குழாய்கள், நாலைந்து நாள் கழித்துத் தாமாகவே சுருங்க ஆரம்பிக்கலாமாம். சுருங்கினால் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் குறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம், இல்லை அதைவிட மோசம். இரண்டு வாரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. தினமும் காலையில் நெற்றிப்பொட்டில் ஒரு கருவியை வைத்து, உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து கேள்வி கேட்பார். உங்க பேர் என்ன? இது எந்த இடம்? இன்னிக்கு என்ன கிழமை? என் விரலை அழுத்துங்க. இரண்டு கையையும் நீட்டுங்க. பிறகு கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பது. அவ்வளவுதான். அதற்கு மார்க் உண்டு, பதினைந்துக்கு இத்தனை என்று தாளில் எழுதுவார்கள். மார்க் என்ற சொல்லைக் கேட்டதும் உன் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

ஐந்தாம் நாள் அவரை ஐ.சி.யு.வை ஒட்டிய வார்டுக்கு மாற்றினார்கள். பகலில் ஒரு ஆள் பக்கத்தில் இருக்கலாம் என்றார்கள். அந்த ஆள் நான். பகல் நேரத்து நர்ஸ் ஜெபா சிஸ்டர் பல்லாவரத்துப் பெண், சுறுசுறுப்பானவள், பேச்சில் சிரிப்பு இருக்கும். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என்னிடம் "இப்படியே தெளிவா பதில் சொல்லிட்டிருந்தார்னா சீக்கிரம் ரூமுக்குப் போயிடலாம்" என்றார். அதை நான் "பாஸ் பண்ணினால் வெளியே" என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். அன்று மத்தியானம் ஜெபா சிஸ்டர் "என்ன கிழமை சார்?" என்று கேட்டபோது அப்பா விழித்தார். ஜன்னலே இல்லாத வார்டில் படுத்துக்கிடக்கிற மனிதருக்குக் கிழமை எப்படித் தெரியும்? எனக்கே காலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். சிஸ்டருக்குப் பின்னால் நின்றிருந்த நான், சத்தமில்லாமல் வாயை அசைத்தேன்: வெ-ள்-ளி. "வெள்ளி" என்றார் அப்பா. சிஸ்டர் தாளில் குறித்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிமிட்டினேன்.

நினைத்துப் பார், யார் இந்த வேலையைச் செய்தது என்று. பரீட்சை ஹாலில் பிட் பிடிப்பதில் எனக்கு எப்பேர்ப்பட்ட பேர்! செருப்புக்கு அடியில், ஸ்கேலின் முதுகில், ரிப்பனின் மடிப்பில் என்று எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். நான் சூப்பர்விஷன் என்று தெரிந்தால் பிள்ளைகள் முதல் நாளே அழும். அப்படிப்பட்டவள் நோயாளிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பிட் கொடுத்தேன். முதலில் விளையாட்டாகத்தான். மறுநாள் அது பழக்கமாகிவிட்டது. ஏழாம் நாள் மாலையில் அது வேறு ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு அவர் கிழமைக்கு மட்டும் என்னைத் தேடவில்லை, "இது எந்த இடம்?" என்றதற்கும் தேடினார். ஜோசியர் முன்னால் உட்கார்ந்தவர்போல என் வாயையே பார்த்தார். ஏதோ சரியில்லை. தெரிந்தது கண்ணா, எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் பெரிதாக வாயை அசைத்தேன். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒருத்தி பார்த்துவிட்டாள். வார்டைத் துடைக்கிற கஸ்தூரியம்மா. கானாத்தூர்ப் பக்கம் மீனவக் குடும்பம். மகள் மீன் விற்கிறாள், இவள் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வருகிறாள். சிஸ்டரின் முதுகு என் பக்கம். கஸ்தூரியம்மாவின் முகம் என் பக்கம். மாப்பை ஊன்றிக்கொண்டு நின்று என்னையே பார்த்தாள். சிஸ்டர் நகர்ந்ததும் வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, பிட்டு குடுத்துகினு கீறியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கறேன். உன் வேல இன்னான்னு எனக்குத் தெர்ல. அவுர கேட்டா அவுரு சொல்ட்டும்மே. நீ இன்னாத்துக்கு குறுக்கால பூந்துகினு?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! தரை துடைக்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு நான் மாத்திரை வாங்கக் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, கஸ்தூரியம்மா அப்பாவுக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருந்தாள். மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரை அப்பா வலது கையால் எடுக்கப் பார்த்தார். விரல்கள் டம்ளரைச் சுற்றி நின்றன, பிடிக்கவில்லை. டம்ளர் உருண்டு தரையில் விழுந்தது. "கை வழுக்கிடுச்சு, காலையில எண்ணெய் தடவினேன்" என்று நான் சொன்னேன். ஆமாம், அப்பாவுக்குப் பதிலாக நான்தான் சொன்னேன். எண்ணெயாவது, வழுக்கலாவது. கஸ்தூரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். டம்ளரைக்கூட எடுக்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்கிறமாதிரி குரல் கொடுத்தாள்:

"ஜெபா சிஸ்டர்! இங்க வா. இந்தம்மாவ வெளிய அனுப்ச்சிட்டு அவுர கேளு. இவங்க வாயசைச்சுக்கினு கீறாங்க, ரெண்டு நாளா."

ஜெபா சிஸ்டர் முகத்தில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை. "மேடம், ப்ளீஸ், கதவுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றாள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக நான் பார்த்தேன். கேள்வி எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி என்ன என்று தெரியுமே. அவர் பதில் சொல்லவில்லை. கண் கட்டிலைச் சுற்றி என்னைத் தேடியது. நான் அங்கே இல்லை. இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். இடது கை நின்றது. வலது கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது, தூக்கம் வந்த குழந்தையின் தலை சாய்கிற மாதிரி. அடுத்த நொடி சிஸ்டர் போனை எடுத்தாள்.

அவளே வெளியே வந்து சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மேடம், இது பரீட்சை இல்ல. சரியான பதில் எங்களுக்கு எதுக்கு? கிழமை எனக்கே தெரியும். அவர் தப்பா சொன்னாதான் உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். அந்தத் தப்பை நீங்க மறைச்சிட்டீங்க." சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நான் திரும்பினேன். நீ காரிடார் பெஞ்சில் உட்கார்ந்து, செங்கல் மாதிரி ஒரு செல்போனில் சித்தப்பாவிடம் "அப்பா நல்லா பதில் சொல்றாராம் சித்தப்பா, ஃபுல் மார்க்காம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாய். உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "என்னம்மா?" என்று கேட்டாய். உன் கையிலிருந்த செல்போனை வாங்கி அணைத்தேன்.

குழாய்கள் சுருங்கியிருந்தன. நிறைய மருந்தை உடம்பில் ஏற்றி ரத்த அழுத்தத்தைக் கூட்டினார்கள். அது போதவில்லை என்று மறுபடி தொடை வழியாகக் குழாய் விட்டு, சுருங்கிய இடத்திலேயே மருந்தைச் செலுத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் கிடந்தோம். நீ எங்கிருந்தோ இரண்டு பொங்கல் பொட்டலம் வாங்கி வந்தாய், நான் தொடவில்லை, நீ இரண்டையும் தின்றாய். தின்றுவிட்டு அழுதாய். அந்த வயதில் பசியும் அழுகையும் சேர்ந்தே வரும்போல. சாயங்காலம் கஸ்தூரியம்மா வேலை முடிந்து போகிற வழியில் என் முன்னால் நின்றாள். அவள் காலில் விழலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அவள் பேச விடவில்லை. "த்தோ பாரு, டைமுக்குப் பாத்துட்டாங்க. எய்ந்து போயி ஒரு வாய் டீ குடி. மூஞ்சி இன்னா இப்டி கீது?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஐந்து நாள் கழித்து அவருக்கு முழுத் தெளிவு வந்தது. ஜெபா சிஸ்டர் என்னை உள்ளே விட்டாள், ஆனால் கட்டிலின் கால்மாட்டில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்ற கண்டிஷனோடு. நான் நின்றேன், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. பேர் சொன்னார். இடம் சொன்னார். கிழமையைத் தப்பாகச் சொன்னார். சனிக்கிழமையை வியாழன் என்றார். என் விரல்களுக்குப் பின்னால் சனி, சனி என்று நாக்கு துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டேன். சிஸ்டர் தாளில் குறித்துக்கொண்டு, "பரவாயில்ல சார். இவங்க யாரு, சொல்லுங்க பார்ப்போம்?" என்று என்னைக் காட்டினாள். அப்பா என்னைப் பார்த்தார். நேரம் போனது. ஒரு பீரியட் முழுக்கப் போனதுபோல இருந்தது எனக்கு. ஒருவேளை நான் யாரென்றே தெரியவில்லையோ? கடைசியில் வாயைத் திறந்தார்.

"இவங்களா? என்னை யாராவது ஏதாவது கேட்டா, இவங்கதான் பதில் சொல்லுவாங்க."

வார்டே சிரித்தது. கஸ்தூரியம்மா மாப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வாயைப் பொத்தியிருந்த கைமேல் கண்ணீர் ஓடியது. அதுதான் கண்ணா, எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குக் கொடுத்த முதல் முழு பதில். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த வலது கை முழுதாகத் திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். சட்டைப் பொத்தான் ஒன்று போட ஒரு நிமிடமாகிறது. சில சமயம் சொல் வர நேரமாகிறது, அதனால்தான் பந்தல்காரர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். நான் பிட் கொடுக்காமல் இருந்து, ஏழாம் நாள் மாலையே அவர்கள் கவனித்திருந்தால் இந்தக் கை தப்பியிருக்குமா? டாக்டரிடம் ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன். "சொல்ல முடியாது மேடம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த எனக்கு, இந்த ஒரு கேள்வி மட்டும் பதிலில்லாமல் ஒவ்வொரு நாளும் காலையில் அவர் பொத்தான் போடும்போது வந்து நிற்கிறது. நான் உதவிக்குப் போவதில்லை. சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நிற்பேன். கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு "முடிஞ்சுது" என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் காபி.

அந்த மூன்று கேள்விகளும் எங்கள் வீட்டில் விளையாட்டாகிப்போனது உனக்குத் தெரியும். காபி கொடுக்கும்போது "பேர்? இடம்? கிழமை?" என்று நான் கேட்பதும், போன வருடம் ஒரு நாள் அவர் வேண்டுமென்றே "இடம், திருப்பதி" என்று சொல்லி என் உயிரை எடுத்ததும், நான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுவிட்டதும். அந்த மனிதரின் குசும்பு இவ்வளவு வருடமாக எங்கே இருந்தது என்று நீ கேட்டாய். உள்ளேதான் இருந்தது. வெளியே வர நான் வழி விடவில்லை.

அதனால் உனக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. நிவேதாவை யாராவது ஏதாவது கேட்டால் நீ சும்மா இரு. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சும்மா இரு. பாயசம் வேண்டாம் என்று அவளே சொல்லட்டும். வேண்டும் என்று சொன்னால் திகைத்துப் போகாதே. அவள் தயங்கினால், தடுமாறினால், தப்பாகவே சொன்னால், அதைக் கேட்டுக்கொள். அவளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிய வேறு வழியே இல்லை. நீ சொல்லிக்கொடுத்த பதிலை அவள் திருப்பிச் சொன்னால் உன் குரல்தான் உனக்குக் கேட்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனில் சித்தப்பாவுக்குச் சொல்வாய். நான் பிரியத்தால்தான் செய்தேன், நீயும் பிரியத்தால்தான் செய்கிறாய். அதனால்தான் அது பிடிபடுவதில்லை. எனக்கு அதைப் பிடித்துக் காட்ட ஒரு கஸ்தூரியம்மா தேவைப்பட்டாள். உனக்கு நானே போதும் என்று நினைக்கிறேன். கஸ்தூரியம்மாவுக்கும் ஜெபா சிஸ்டருக்கும் பத்திரிகை வைத்துவிட்டேன், இரண்டு பேரும் வருகிறார்கள். முதல் வரிசையில் உட்கார வைப்பது உன் பொறுப்பு.

இதுவரை எழுதி முடித்து, ஒரு தடவை படித்தும் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. பிட் கொடுத்த கதையை உனக்குச் சொல்கிறேனே, இதை முதலில் கேட்க வேண்டியவர் வாசலில் அல்லவா நிற்கிறார்? அந்த நாட்கள் அவருக்கு ஞாபகமில்லை என்று நினைத்து இத்தனை வருடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். பந்தல்காரர் போனதும் (வாழைமரம் கேட்டுக்கு உள்ளேதான் கட்டப்போகிறார்கள், கார் எப்படி வரும் என்று கேட்காதே, நானும் கேட்கவில்லை) தாள்களை அவர் கையில் கொடுத்தேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீழ கொஞ்சம் எடம் இருக்கே, நான் எழுதலாமா?" என்று கேட்டார். இந்த நாலு வரியை எழுதிவிட்டுத் தருகிறேன் என்று தாளைத் திரும்ப வாங்கினேன், பேனாவுக்கு வலது கையையே நீட்டிக்கொண்டு நிற்கிறார். ரொம்ப நேரம் ஆகும்போலத் தெரிகிறது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று நான் சமையலறைக்குப் போகிறேன். அவர் எழுதுவதை நான் திருத்தமாட்டேன், அப்படியே உன்னிடம் வரும்.

உன் அம்மா

தம்பி, ஆஸ்பத்திரி நாள்ல பாதி எனக்கு ஞாபகம் இல்லை. உங்க அம்மா சிஸ்டர் பின்னாடி நின்னு வாயை அசைச்சது ஞாபகம் இருக்கு. என்ன கிழமைன்னு எனக்குத் தெரியலை. எந்த இடம்னும் தெரியலை. அவ ரொம்ப பயந்துபோயிருக்கான்னு மட்டும் தெரிஞ்சுது. அவ சொன்னதைத் திருப்பிச் சொன்னா கொஞ்சம் சிரிப்பாளேன்னு சொன்னேன். சிரிச்சா.

அப்பா